புதுப்பிப்பு: கத்துக்குட்டி துப்பறிவாளர் நாவல் பாதி தாண்டிவிட்டது

முதல் வழக்கிலேயே தடுமாறும் ஒரு தனியார் துப்பறிவாளரை வைத்து நகைச்சுவையாகக் குற்ற நாவல் எழுதுகிறேன், அவர் கடைசியில் குற்றவாளியைப் பிடிப்பது அதிர்ஷ்டத்தாலா, அறிவாலா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். அதிர்ஷ்டம் என்றால்தான் சிரிப்பு வரும் என்று பலர் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்து அறிவின் பக்கம் போய்விட்டேன். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அந்த வகைக் கதைகளுக்காக 1929இல் எழுதிய பத்து விதிகளில் ஒன்று, தற்செயல் துப்பறிபவருக்கு உதவவே கூடாது என்கிறது. நகைச்சுவைக் கதைக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் கட்சி. தற்செயல் அவரைச் சிக்கலில் மாட்டிவிடட்டும், தப்பான ஆளைப் பின்தொடர வைக்கட்டும், ஆனால் அதிலிருந்து வெளியே வருவது அவரே கவனித்த ஒன்றால் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சொதப்பலுக்குள்ளும் ஒரு தடயத்தை ஒளித்து வைக்கிறேன்: துப்பறிவாளர் இரவு முழுக்க வேறு யாரோ ஒருவருடைய வீட்டைத் தப்பாகக் கண்காணிக்கிறார், அங்கே நின்றதால்தான் எதிர்வீட்டு விளக்கு எப்போது அணைந்தது என்று அவருக்குத் தெரியும், வாசகரும் சிரித்துக்கொண்டே அதைப் படித்துவிட்டு மறந்திருப்பார்.

அப்புறம் கொலை. அதை மட்டும் கேலியாக்கவில்லை, செத்தவருக்காக அழ ஒருவர் கதையில் இருக்கிறார். அடுத்து எழுத வேண்டியது குற்றவாளி வெளிப்படும் அத்தியாயம். முடிந்ததும் இங்கேயே சொல்கிறேன்.