புதுப்பிப்பு: பஞ்சு செல்லுலோஸ் கரைந்துவிட்டது
லித்தியம் குளோரைடு என்ற உப்பைச் சேர்த்த டைமெத்தில் அசெட்டமைடு என்ற கரைப்பானில் பஞ்சு செல்லுலோஸ் (பஞ்சிழையை ஆக்கும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) நாள்கணக்கில் கலக்கியும் கூழாகவே நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன், இப்போது கரைந்துவிட்டது. பிழை என்னுடையதுதான்: கரைப்பதற்கு முன் நீரில் ஊறவைத்த பஞ்சை ஓவனில் உலர்த்தியபோது, ஊறலால் விலகிய மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மீண்டும் இறுகி, முன்னைவிடப் பிடிவாதமாகிவிட்டன. இம்முறை உலர்த்தாமல், இரவு முழுதும் ஊறியதை வடிகட்டி, முதலில் மெத்தனாலாலும் பின்னர் டைமெத்தில் அசெட்டமைடாலும் பலமுறை கழுவி, நீரைப் படிப்படியாக வெளியேற்றினேன். எஞ்சும் நீர் லித்தியம் அயனிகளைப் பற்றிக்கொண்டு கரைதலைத் தடுக்கும் என்பதால், காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் அந்த உப்பையும் முன்னதாகவே சூடாக்கி உலர்த்திக்கொண்டேன். 8 சதவீத உப்புக் கரைசலில் 1 சதவீதச் செல்லுலோஸ், அறை வெப்பநிலையிலேயே இரண்டு நாளில் தெளிந்த, பிசுபிசுப்பான கரைசலானது. முந்தைய பதிவுக்கு வந்த யோசனைகளில், கலவையைக் கொதிக்கவிடலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அது சங்கிலிகளை வெட்டிக் கரைசலைப் பழுப்பாக்கும்.