கோழிக் கொட்டகை கிழக்கு மேற்கா, வடக்கு தெற்கா? வளர்ப்பவர்கள் மட்டும் பதில் சொல்லவும்

தோப்புக்காரன்:
முந்தாநாள் ஒரு தம்பி, பத்துக் கோழியும் ஆறு வாத்தும் வளர்க்க எப்படிக் கொட்டகை போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கொங்குச்சேவல் எழுதிய பதில் இது: "கண்ணை மூடிக்கொண்டு கிழக்கு மேற்காகப் போடுங்கள், சித்திரைக்கும் தாங்கும், கார்த்திகைக்கும் தாங்கும்." கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அப்படித்தான் இருக்கும். நான் மன்னார்குடிப் பக்கம் பதினாலு வருஷமாக வளர்க்கிறேன். முதல் கொட்டகை கிழக்கு மேற்குதான். அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் நேராக உள்ளே புகுந்து, அடைக்கோழி உட்கார்ந்திருந்த கூடை வரைக்கும் விழும். ஒரே நாளில் மூன்று பெட்டை போயிற்று. வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தன. கோழிக்கு வியர்க்காது ஐயா, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மறுவாரமே பிரித்து வடக்கு தெற்காக மாற்றினேன். அதற்கப்புறம் வெயிலில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆகவே வடக்கு தெற்கு.

கொங்குச்சேவல்:
அண்ணனுக்கு வணக்கம். கிழக்கு மேற்கு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும், ஷெட் எல்லாம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்வதும் அதுதான். நாமக்கல்காரனுக்குத் தெரியாதது மன்னார்குடிக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

தோப்புக்காரன்:
நாமக்கல்லில் இருப்பது கம்பிக்கூண்டு முட்டைக்கோழி. நாம் பேசுவது கொல்லைப்புறத்துச் சிறுவிடை நாட்டுக்கோழி. அங்கே எத்தனை வாத்து பார்த்தீர்கள் பஸ் ஜன்னலிலிருந்து? என் கொட்டகையில் செத்தது என் கோழி. வடக்கு தெற்கு.

ஆரணிக்காரி:
திசை கிடக்கட்டும். கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டகையில் அடைக்கச் சொன்னது யார்? கோழி பரண் கட்டையில் ஏறித் தூங்கும், வாத்து தரையில் படுக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதன் முதுகில் எச்சம் போடும், விடிந்து பார்த்தால் வாத்து வெள்ளையடித்த மாதிரி நிற்கும். வாத்துக்குத் தண்ணீர் வைத்தால் குடிப்பது பாதி, இறைப்பது பாதி. அலகை முழுக்க முக்கி எடுத்து உதறும். மழைக்காலத்தில் தரையில் பரப்பிய உமி நாலே நாளில் ஊறிப்போய், கதவைத் திறந்ததும் கண் எரியும். அந்த ஈரத்தில்தான் கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். உமியை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரித்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் அன்றைக்கே அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போட வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லை, திசைக்கு மட்டும் சண்டை.

புதுப்பண்ணை:
அந்தத் தம்பி நான்தான். எல்லோருக்கும் நன்றி. வாத்துக்குஞ்சு வாங்கி மூன்று வாரம் ஆகிறது, இரண்டு குஞ்சு நொண்டுகிறது. கொட்டகை சரியில்லாததாலா?

கொங்குச்சேவல்:
அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் பக்கம் சூரியன் சித்திரை அஞ்சு தேதி வாக்கில் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் ஆவணி முதல் வாரம் வரை உச்சிப்பொழுதில் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். தெற்குப் பக்கம் கம்பி வலையாக இருந்தால் அந்த வெயில் உள்ளே வந்து உமியைக் காயவைக்கும், பனிக்கு இதமாகவும் இருக்கும். கோடையில் உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும், கூரை இரண்டு பக்கமும் மூன்றடி வெளியே நீட்டியிருந்தால் போதும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகலான சுவரில்தான் படும். இதற்குப் பெயர்தான் கிழக்கு மேற்கு.

தோப்புக்காரன்:
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! வடக்கும் தெற்கும் திறந்திருக்க வேண்டும், கிழக்கும் மேற்கும் அடைத்திருக்க வேண்டும். என் கொட்டகை அப்படித்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் வடக்கு தெற்கு. என் வாதத்தை எடுத்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறீர்களே.

மாடிக்கோழி:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். ஒருவர் நீளத்தைச் சொல்கிறார், இன்னொருவர் திறந்த பக்கத்தைச் சொல்கிறார் போலிருக்கிறதே? இரண்டு கொட்டகையும் ஒன்றுதானே?

தோப்புக்காரன்:
மேடவாக்கத்தில் மொட்டை மாடியில் நாலு கோழி வைத்திருப்பவர் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார். உங்கள் மாடியில் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீர்த் தொட்டி நிழல்தான், உங்களுக்குத் திசை எதற்கு?

கொங்குச்சேவல்:
இதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். மாடிக்கோழி, இரண்டும் ஒன்று இல்லை. கிழக்கு மேற்கு என்றால் கிழக்கு மேற்கு.

வாசல்பார்த்தவர்:
ஈசான மூலையில் மட்டும் கோழி எச்சம் படக்கூடாது. மற்றபடி எந்தத் திசையும் நல்லதே.

தோப்புக்காரன்:
ஐயா, சாமி, நீங்கள் வேறு. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் சாரல் எங்கிருந்து அடிக்கும் தெரியுமா? அதே ஈசானத்திலிருந்துதான். வடகிழக்குப் பருவமழை என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். வடக்குப் பக்கம் நான் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிவிடுவேன். ஆட்கள் என்ன செய்கிறார்கள், நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டி உள்ளே பானைக்குள் அவிக்கிற மாதிரி அடைத்துவிடுகிறார்கள். மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், எச்ச ஆவி அந்த வழியாகப் போகும். மழை விட்டதும் தட்டியைத் தூக்கிச் சாய்த்து வைப்பேன், காலையில் பத்து நிமிஷ வேலை. தகரக் கூரை போட்டவர்கள் மேலே கீற்றைப் பரப்புங்கள், சித்திரையில் கீழே சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். 2018 கஜாவில் கூரை மொத்தமாகப் பறந்தது. மறுபடி கட்டும்போதும் வடக்கு தெற்காகத்தான் கட்டினேன். புயலே வந்து கலைத்தும் மாற்றாதவன் உங்கள் பேச்சைக் கேட்டு மாற்றுவேனா?

கொங்குச்சேவல்:
புயல் திசை பார்த்தா அடித்தது? அப்புறம், கீற்றுக்கூரை நன்றாகத்தான் இருக்கும், செள்ளுப்பூச்சி அடைவதும் அதில்தான். ராத்திரி விளக்கடித்துப் பரண் கட்டையின் இடுக்கைப் பாருங்கள், கூட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கோழி இளைக்கிறது, முட்டை நிற்கிறது என்று தீவனத்தைக் குறை சொல்வார்கள். அண்ணன் கோழிகள் சாம்பலில் குளிக்கிறதா, இல்லை அதுவும் வடக்கு தெற்காகத்தான் குளிக்கிறதா?

தோப்புக்காரன்:
என் கோழிக்கு அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து குழி போட்டிருக்கிறேன், உங்களைவிடச் சுத்தம். செள்ளைப் பற்றி நீங்கள் பேசலாமா? போன தீபாவளிக்கு எனக்குப் பத்துப் பெருவிடைக் குஞ்சு அனுப்பினீர்களே, "எல்லாம் பெட்டை அண்ணே, நம்பி எடுங்கள்" என்று. இறங்கும்போதே செள்ளு. வளர்ந்தபின் பார்த்தால் ஏழு சேவல். ஏழு! விடியற்காலை மூன்று மணிக்கு ஏழும் ஒன்றாகக் கூவினால் பக்கத்து வீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்ப்பார்?

கொங்குச்சேவல்:
ஒரு நாள் குஞ்சில் சேவலும் பெட்டையும் பார்த்ததும் தெரிய நான் என்ன ஜோசியனா? உத்தேசமாகத்தான் சொன்னேன். பாதி பணம் இன்னும் பாக்கி, அதையும் இங்கேயே எழுதிவிடுங்கள்.

புதுப்பண்ணை:
வாத்துக்குஞ்சு இப்போது மூன்று நொண்டுகிறது.

ஆரணிக்காரி:
தம்பி, கோழிக்குஞ்சுத் தீவனம்தானே போடுகிறீர்கள்? வாத்துக்குஞ்சுக்கு நியாசின் சத்து கோழிக்குஞ்சைவிட அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும், நொண்டும். தீவனத்தில் ஈஸ்ட் கொஞ்சம் கலந்து கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் தெளியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வழுக்குகிற சிமெண்ட் தரையில் விடாதீர்கள். கோழிகளுக்கு பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவார்கள், விட்டுவிடாதீர்கள். வாத்துக்குத் தனி அறை, தரையோடு, ஒன்றுக்கு மூன்று சதுர அடியாவது. அறுவடை முடிந்த வயலில் எங்கள் பக்கத்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் மேய்க்கிறார்கள், ராத்திரி வரப்போரம் வலையைச் சுற்றி நிறுத்தி அடைப்பதோடு சரி. வாத்து திசை கேட்காது. மரநாயும் கீரியும் நுழையாத கம்பி வலையைத்தான் கேட்கும். காலையில் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள், பெரும்பாலும் ஒன்பது மணிக்குள் முட்டை போட்டுவிடும். முன்னாலேயே விட்டால் முட்டையைக் குளத்தில்தான் தேட வேண்டும்.

தோப்புக்காரன்:
வயலில் மேய்க்கிற கதையை எங்களிடம் சொல்லாதீர்கள். வருஷாவருஷம் அறுவடை முடிந்ததும் கிடை போட வருகிறார்கள், போகும்போது எங்கள் வீட்டு வாத்தும் இரண்டு சேர்ந்து போய்விடுகிறது.

ஆரணிக்காரி:
வாத்துக்குக் கூட்டத்தைப் பார்த்தால் கூடப் போகும் புத்தி. அடைத்து வைக்காதது உங்கள் தப்பு. திருடர் என்று நேராகச் சொல்லுங்களேன், சுற்றி வளைப்பானேன்?

தோப்புக்காரன்:
நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. இரண்டு வாத்து என்றேன். ஒன்று காக்கி கேம்பல் ஜாதி, வலது காலில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

மாடிக்கோழி:
படம் ஒன்று வரைந்து போட்டிருக்கிறேன். நீளவாக்கு கிழக்கு மேற்கு, வலை வடக்கிலும் தெற்கிலும். இருவரும் பார்த்துவிட்டு இதுதான் உங்கள் கொட்டகையா என்று மட்டும் சொல்லுங்கள்.

கொங்குச்சேவல்:
பார்த்தேன். இது என் கொட்டகை. கிழக்கு மேற்கு.

தோப்புக்காரன்:
இது என் கொட்டகை. படத்தில் தட்டி இல்லை, மற்றபடி அப்படியே. வடக்கு தெற்கு.

புதுப்பண்ணை:
நாளைக் காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வருகிறார். அவரிடம் என்ன சொல்லட்டும்?

கொங்குச்சேவல்:
கிழக்கு மேற்கு என்று சொல்லுங்கள்.

தோப்புக்காரன்:
சொல்லிப் பாருங்கள், சித்திரையில் தெரியும். கொங்குச்சேவல், அந்த ஏழு சேவலைத் திருப்பி அனுப்புகிறேன், பஸ் செலவு யார் தருவது?