ஆனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்: பழைய தேக்கிலும் செம்புறாங்கல்லிலும் ஒட்டலாமா?

தேவகோட்டைக் கெண்டை:
இரண்டடி மீன்தொட்டி, அடியில் மணல். நீர்ச்செடிகளில் ஆனுபியாஸ் நானா மூன்று, ஜாவா ஃபெர்ன் இரண்டு, ஒரு கைப்பிடி ஜாவா பாசி வாங்கியாச்சு. வீடு இடித்த இடத்துப் பர்மா தேக்குத் துண்டு, செம்புறாங்கல், உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் கையில் இருக்கு. எதில் ஒட்டலாம்? பசையா, நூலா?

கண்மாய்க்கரை:
ஆத்தங்குடிக் கல்லை முதலில் ஒதுக்குங்க. அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்ட். தண்ணீரில் கிடந்தால் பிஎச் (அமில-கார அளவு) ஏறிக்கொண்டே போகும். தேக்கும் வேண்டாம் சார். மரத்தில் குற்றமில்லை; எத்தனை தலைமுறை வார்னிஷும் எண்ணெயும் கரையான் மருந்தும் அதில் இறங்கியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. காய்ந்த கொய்யாக் கட்டை கிடைத்தால் பட்டையை உரித்துவிட்டு, வேகவைத்து, மூழ்கும்வரை ஊறப்போடுங்க. முதல் சில வாரம் மேலே வெள்ளையாகக் கோழை படரும். பயப்பட வேண்டாம், நத்தை தின்றுவிடும்.

செம்புறாங்கல் நல்ல தேர்வு. துளை துளையாக இருப்பதால் வேர் பிடிக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும் கல்லைத் தள்ளிவிட்டு, கெட்டியானதை பிரஷ் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்க. பழைய சுவரிலிருந்து எடுத்ததென்றால் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். வினிகர் விட்டுப் பாருங்க; நுரைத்தால் அந்த இடத்தைச் செதுக்கி எடுக்கணும்.

பாசிபிடித்தவன்:
பசை என்றால் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ), ஜெல் வகை. பெவிக்விக் மாதிரி நீர்த்தது துளைக்குள் ஓடிவிடும். அதுதான் இருக்கிறதென்றால் துளையில் சிறு பஞ்சை வைத்து, அதன் மேல் விடலாம். ஆனால் பஞ்சில் பட்டதும் சூடாகிப் புகையும், விரலை எட்ட வைங்க.

வேரை டிஷ்யூவால் ஒற்றி, பட்டாணி அளவில் பாதி ஜெல்லைக் கல்லில் வைத்து, வேரை மட்டும் அதில் அழுத்தி முப்பது விநாடி பிடிங்க. கிடையாக ஓடும் தடித்த தண்டு இருக்கே, ரைசோம், அதைப் பசையில் முக்கக் கூடாது. மணலில் புதைத்தால் அழுகுவதும் அதுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு இலைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்க. நம்ம ஊர் வெயிலில் ஃபெர்ன் இலை சட்டென்று சுருண்டுவிடும். தண்ணீர் பட்டதும் பசை வெளுக்கும். அசிங்கமாகத் தெரிகிறதென்று சுரண்டினால் செடியும் கையோடு வரும்.

கண்மாய்க்கரை:
கட்டைக்கு நூலே என் கட்சி. பாசிக்குப் பருத்தி நூல் போதும், அது மக்குவதற்குள் பிடித்துக்கொள்ளும். பாசியை மெல்லிசாகப் பரப்பணும். தடித்து வைத்தால் அடிப்பகுதி பழுத்து, மொத்தமும் கழன்று மிதக்கும். ஆனுபியாஸ் வேர் விட மாதக்கணக்காகும், அதற்குள் பருத்தி போய்விடும். மெல்லிய தூண்டில் நரம்பு எடுத்து, ரைசோமை அறுக்காத அளவுக்குச் சுற்றுங்க.

தேவகோட்டைக் கெண்டை:
நன்றிங்க. ஒரு ஆனுபியாஸில் இலை தொட்டதும் கழன்று வருது. ஒட்டலாமா?

பாசிபிடித்தவன்:
ரைசோமை அமுக்கிப் பாருங்க. கொழகொழவென்று நாறினால் அழுகல். புது பிளேடால், உள்ளே கெட்டியாகப் பச்சை தெரியும்வரை வெட்டித் தள்ளுங்க. மீதியில் இரண்டு மூன்று இலை இருந்தால் பிழைக்கும், ஆனால் இப்போதைக்கு ஒட்ட வேண்டாம், தனி டப்பாவில் மிதக்கவிட்டுப் பாருங்க. சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி தாண்டினால் ஜாவா ஃபெர்ன் இலை கறுத்து உருகும்; மூடியைத் திறந்து, நீர்மட்டத்தில் காற்று படுகிற மாதிரி சின்ன மின்விசிறி வைங்க. ஆவியாகிக் குறையும் அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்க, போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறும்.