2024 வேதியியல் நோபல் சரியான கைக்குத்தான் போனதா?

படிகப்பித்தன்:
பாதிப் பரிசு டேவிட் பேக்கருக்கு. இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்தவர், அதில் எனக்குச் சண்டை இல்லை. மறுபாதி ஆல்ஃபாஃபோல்ட் என்ற கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். அதுதான் உறுத்துகிறது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களின் வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடிந்து நிற்கும் என்று சொல்லிவிடுகிறது. ஏன் அப்படி மடிகிறது? பதில் இல்லை. விடை மட்டும் எழுதி வழிமுறையை விட்டவனுக்கு முழு மதிப்பெண்ணா?

கடைசிபெஞ்ச்:
1994லேர்ந்து காஸ்ப் போட்டி நடக்குது சார். வடிவம் இன்னும் வெளியாகாத புரதங்களோட வரிசையை மட்டும் தருவாங்க, நாம கணிச்சு அனுப்பணும். 2020ல ஆல்ஃபாஃபோல்ட் 2 பல புரதங்கள்ல ஆய்வகத்துல அளந்ததுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு. 2022ல 20 கோடிக்கு மேல கணிப்புகளை இலவசமா கொட்டினாங்க. ஒரே புரதத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவங்களைக் கேளுங்க, அருமை புரியும்.

படிகப்பித்தன்:
மல்லுக்கட்டியவன்தான் பேசுகிறேன். எக்ஸ் கதிர் பாய்ச்சி வடிவத்தைப் பார்க்க, எனக்கு ஒரு புரதப் படிகம் ஒழுங்காக வளரவே எட்டு மாதம் ஆனது. ஆல்ஃபாஃபோல்ட் எதைப் படித்துத் தேறியது? 1971ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியை. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் போட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தே கிடந்தவை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.

கடைசிபெஞ்ச்:
அப்போ கோபம் 'ஏன்னு புரியலை'ங்கறதுல இல்ல, 'எங்க பேர் இல்லை'ங்கறதுல. நேரா சொல்லலாமே :)

படிகப்பித்தன்:
பாதி அதுதான், ஒத்துக்கொள்கிறேன். மீதியையும் கேளுங்கள். 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்ட் 3 கட்டுரை நேச்சர் ஆய்விதழில் வந்தது, நிரல் இல்லாமல். இணையதளத்தில் ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று ரேஷன். ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதினார்கள். நவம்பரில்தான் நிரல் வந்தது, அதுவும் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. திறந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் தங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போடுவது நியாயமா?

வழிப்போக்கன்:
நடுவுல ஒண்ணு. கணிப்பில் எந்தப் பகுதியை நம்பலாம்னு அதுவே நிறம் போட்டுக் காட்டுது. அடர்நீலம்னா தைரியமா எடுத்துக்கலாம், ஆரஞ்சுன்னா வேண்டாம். ஆரஞ்சுல நிறைய, தனியா இருக்கும்போது நிலையான வடிவமே இல்லாத பகுதிகள். வெறும் விடைத்தாள்னு ஒதுக்கிட முடியாது.

கடைசிபெஞ்ச்:
பூட்டு விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். ஆனா பரிசு ஆல்ஃபாஃபோல்ட் 3க்கு இல்லையே, முன்னாடி செஞ்சதுக்கு. சரி, ஒரே கேள்வி. எக்ஸ் கதிர் தரவுல ஃபேஸ், அதாவது சிதறி வர்ற அலை எந்தக் கட்டத்துல இருக்குங்கற தகவல், கிடைக்காது. அதை ஈடுகட்ட பெரும்பாலும் புரதத்தோட வடிவத்துக்கு ஒரு ஆரம்ப மாடல் வேணும். அந்த எட்டு மாசப் படிகத்துக்கு மாடல் எங்கேர்ந்து எடுத்தீங்க?

படிகப்பித்தன்:
ஆல்ஃபாஃபோல்டிலிருந்துதான். ஒரே மதியத்தில் முடிந்தது. அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியுமா?