போர்னியோவில் 14 நாள்: கினபாலு, முலு, கினாபத்தாங்கான், தானும் பள்ளத்தாக்கு – நான்கும் இயலுமா?

கேள்வி – தூறல்

வணக்கம். வரும் ஜூலையில் நானும் என் தங்கையும் 14 நாள் விடுப்பில் போர்னியோ செல்ல இருக்கிறோம். தீவு மூன்று நாடுகளுக்கு உரியது என்றாலும், இந்தப் பயணத்தில் மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களைத் தாண்டுவதாக இல்லை. கினபாலு மலையேற்றம், முலு தேசியப் பூங்காவின் பினக்கல்ஸ் என்னும் கூர்ம்பாறைகள், கினாபத்தாங்கான் ஆற்றில் படகுப் பயணம், தானும் பள்ளத்தாக்கில் மூன்று இரவு என நான்கையும் குறித்து வைத்திருக்கிறோம். இருவருக்கும் நெடுந்தூரம் நடந்து பழக்கம் உண்டு; ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் ஏறியதில்லை. தங்கைக்கு அட்டைப்பூச்சி என்றாலே நடுக்கம். நான்கும் அடங்குமா, அடங்காவிட்டால் எதை விடுவது, நோய்த் தடுப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சென்று வந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி – கற்படி

நான்கும் அடங்காது. அடக்கினாலும், மூன்றாவது இடத்துக்கு வரும்போது உங்கள் முழங்கால்கள் ஒத்துழைக்காது.

கினபாலுவில் ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலில் காலையில் புறப்பட்டு, பிற்பகலில் 3,272 மீட்டரில் உள்ள லாபான் ராத்தா தங்குமிடத்தை அடைவீர்கள். நள்ளிரவுக்குப் பின் நெற்றிவிளக்குடன் மீண்டும் ஏறி, விடியலில் 4,095 மீட்டர் உயரமுள்ள லோஸ் பீக் உச்சியில் நிற்பீர்கள். அன்றே அவ்வளவு தொலைவும் இறங்கி அதே வாயிலுக்கு வந்துவிட வேண்டும். கடைசிப் பகுதி வெறும் கருங்கல் சரிவு. கயிற்றைப் பிடித்தபடி ஏற வேண்டும். கையுறை இல்லாமல் அந்தக் குளிரில் ஈரக் கயிற்றைப் பத்து நிமிடம் பிடித்தால் விரல் மரத்துவிடும். முந்தைய இரவைப் பூங்கா வாயிலருகே, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் கழித்தால் உடல் சற்றுப் பழகும். தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் உச்சியை மறந்து இறங்கிவிடுங்கள். வழிகாட்டி கட்டாயம், அனுமதியும் படுக்கையும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே முதலில் இந்த நாளை உறுதி செய்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள்.

பினக்கல்ஸ் வேறு வகைச் சோதனை. பூங்காத் தலைமையகத்திலிருந்து மெலினாவ் ஆற்றில் நீள்படகில் சென்று, பின்னர் காட்டுக்குள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சமதளத்தில் நடந்து ‘கேம்ப் 5’ சேர வேண்டும். சமையலுக்கான பொருளை நாமே சுமக்க வேண்டும். மறுநாள் ஏறும் தொலைவு வெறும் 2.4 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 1,200 மீட்டர் அளவுக்கு உயர்கிறோம். முடிவில் வரும் 400 மீட்டரில் ஏணிகளும் கயிறுகளும் சுண்ணாம்புக்கல் விளிம்புகளுமே இருக்கின்றன. அந்தக் கல் கத்தி போன்றது. நான் ஒருமுறை நிலைதடுமாறி உள்ளங்கையை ஊன்றியபோது தோல் கையுறையின் இரண்டு விரல்கள் கிழிந்துவிட்டன. குறித்த நேரத்துக்குள் ஏணிகளை எட்டாதவர்களை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். அதில் வருத்தப்பட வேண்டாம், ஏனெனில் இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் பிடிக்கும். இதற்கென மூன்று நாள், இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

என் ஆலோசனை: முதலில் கினபாலு. அங்கிருந்து ரானாவ் வழியாகச் சாலையிலேயே கிழக்கே சென்று, கினாபத்தாங்கான் கரையில் மூன்று இரவு தங்குங்கள். படகில் உட்கார்ந்தபடி நீள்மூக்குக் குரங்குகளையும் இருவாச்சிகளையும் பார்க்கும் அந்த நாள்களில் கால் வலி ஆறிவிடும். பிறகு சண்டாக்கானிலிருந்து சபாவின் தலைநகர் கோத்தா கினபாலு வழியாக விமானத்தில் முலு. முலுவுக்குச் சாலை இல்லை. சிறு விமானங்களும் வானிலையால் தாமதமாகும் என்பதால், இறுதியில் ஒரு நாளைக் காலியாக வையுங்கள். தானும் பள்ளத்தாக்கு மற்றொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

மறுமொழி – நெடுமரம்

கற்படி அவர்களின் கணக்கு சரியே. ஆனால் விட வேண்டியது தானும் பள்ளத்தாக்கு அன்று என்பது என் கருத்து. மழைக்காட்டைத் தேடிப் போர்னியோவுக்குச் செல்பவர், அதன் மிகச் சிறந்த காட்டை விட்டுவிட்டு வழுக்கைப் பாறையின் உச்சிக்கு ஏன் போக வேண்டும்? தானும் 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மரம் வெட்டப்படாத தாழ்நிலக் காடு. அங்கு ஓராங்ஊத்தான் என்னும் மனிதக்குரங்கு, மனிதர் உணவு வைக்கும் மேடைக்கு வருவதில்லை. பழம் பழுத்த மரத்துக்கு வரும். காலை முழுவதும் ஓர் அத்தி மரத்தடியில் காத்திருந்து, உச்சிக் கிளை அசைந்தபோது கண்ட அந்தச் செம்பழுப்பு முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

அட்டையைப் பற்றி உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள்: தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியவே தெரியாது, இடுப்பளவு இலைகளில் காத்திருக்கும் புலி அட்டை சுருக்கென்று கடிக்கும். நெருக்கமாக நெய்த பருத்திக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டி, சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். ஒட்டிவிட்டால் உப்போ நெருப்போ வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். மெல்லிய முனையின் ஓரத்தில் நகத்தைச் சரித்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் நெடுநேரம் கசியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மறுமொழி – செவிலி

நோய்களில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாவது குரங்கு மலேரியா. மக்காக் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசுக்கள் வழியே மனிதருக்கு வரும் இந்த நோயின் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் உடல்நிலை விரைவாக மோசமாகும். மாலை முதல் கை கால்களை மூடிய உடையும் கொசு விரட்டியும் தேவை.

இரண்டாவது, எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல். 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ‘ஈகோ சேலஞ்ச்’ சாகசப் போட்டியில் பங்கேற்ற 304 பேரில் 189 பேரை விசாரித்தபோது, 80 பேருக்கு இந்நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தது தெரியவந்தது. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை உட்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. அந்த மருந்து மலேரியாவையும் தடுக்கும் என்றாலும், வெயிலில் தோலைப் புண்ணாக்கக்கூடும், கருவுற்றவர்களுக்கு ஏற்றதன்று. மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், போர்னியோ காட்டில் இருந்ததை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தூறல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுமரம் அவர்கள் எழுதியதைத் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். அட்டைக்கு அஞ்சியவளே தானும் பள்ளத்தாக்கு வேண்டும் என்கிறாள். ஆகவே கினபாலுவை விட்டுவிட்டு, தானும், கினாபத்தாங்கான், முலு என்ற வரிசையில் செல்வதாக முடிவு செய்திருக்கிறோம். பினக்கல்ஸுக்கு முன் இப்போது நல்ல ஓய்வும் கிடைக்கிறது.

மறுமொழி – கற்படி

நல்ல முடிவு. சபாவும் சரவாக்கும் தத்தம் குடிநுழைவுக் கட்டுப்பாட்டைக் கொண்டவை என்பதால், முலுவுக்குச் செல்லும்போது உள்நாட்டு விமானம்தானே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். முலுவில் இறங்கிய முதல் மாலையே மான் குகைக்கு நடந்துவிடுங்கள். மழை இல்லையென்றால், இலட்சக்கணக்கான வௌவால்கள் குகை வாயிலிலிருந்து நாடாவைப் போல் வளைந்து வெளியேறும். மழை பெய்தால் அவை வெளியே வராமல் இருந்துவிடுவதுண்டு. முதல் நாள் தவறினாலும், கேம்ப் 5-இலிருந்து திரும்பும் நாளில் மீண்டும் ஒரு மாலை உங்களுக்கு இருக்கும்.