தெலுங்குச் சம்பந்தம்: பெண் வீட்டாரும் தாலி செய்ய வேண்டுமா?

மதுரை அம்மா:
என் மகளுக்கு விஜயவாடாவில் சம்பந்தம் கூடியிருக்கிறது. வைகாசியில் கல்யாணம். நேற்று சம்பந்தியம்மாள், "ஒரு பொட்டு நாங்கள் செய்கிறோம், இன்னொன்றை நீங்கள் செய்துவிடுங்கள்" என்றார். பொட்டு என்று அவர்கள் சொல்வது தாலியில் கோக்கும் வட்டப் பொன்னை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பக்கம் தாலி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. என் மாமியார் "ஆகவே ஆகாது" என்கிறார்.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. என் அம்மா சுமங்கலியாகப் போனவர். அவருடைய தாலி பெட்டியில் இருக்கிறது. மீனாட்சி சொக்கர் உருவத்தின் கோடுகளுக்குள் இன்னும் மஞ்சள் அப்பியிருக்கிறது. சித்திரைத் திருக்கல்யாணத்தன்று அவர் கயிறு மாற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பொன்னில் செய்யலாமா? வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா?

விஜயவாடா மருமகள்:
அம்மா, நான் திருச்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். இங்கே புஸ்தெலு (தாலிப் பொட்டுகள்) என்றால் இரண்டுதான்: ஒன்று பிறந்த வீட்டுடையது, ஒன்று புகுந்த வீட்டுடையது. அந்தந்த வீட்டு வழக்கப்படி செய்வதால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. 16ஆம் நாள் இரண்டையும் ஒன்றாகக் கோத்து, பவளமும் கருமணியும் சேர்ப்பார்கள்.

முக்கியமாக ஒன்று. முகூர்த்த நேரத்தில் தாலியை எதிர்பார்த்து நிற்காதீர்கள். நடுவே திரை பிடித்திருக்க, சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைப்பதுதான் அவர்களுக்குச் சுபமுகூர்த்தம். தாலி அதற்குப் பிறகு. இதைச் சொல்ல ஆளில்லாமல் என் அம்மா அந்த நேரம் பந்தி பார்க்கப் போய்விட்டார். இன்றைக்கும் அவருக்கு மனம் ஆறவில்லை.

கும்பகோணத்துப் பாட்டி:
எங்கள் ஐயர் வீடுகளிலும் பிறந்த வீட்டுத் தாலி, புகுந்த வீட்டுத் தாலி என்று இரண்டு உண்டு. 50 வருடமாக இரண்டும் என் கழுத்தில் கிடக்கின்றன. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

பத்தர்:
உங்கள் அம்மாவின் தாலிப் பொன்னில் தாராளமாகச் செய்யலாம். நல்ல நாள் பார்த்து உருக்கச் சொல்லுங்கள். உருக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். யாழ்ப்பாணத்தில் பொன்னுருக்கல் என்று அதையே ஒரு சடங்காக மாப்பிள்ளை வீட்டில் செய்கிறார்கள். பழைய தாலியில் துண்டுகளை ஒட்டுவதற்காகப் பற்றுவைத்த பொடி இருக்கும். உருக்கினால் எடை சற்றுக் குறையும், பதற வேண்டாம். கோக்கும் வளையத்தை மட்டும் கனமாக வைக்கச் சொல்லுங்கள். கயிற்றிலிருந்து சங்கிலிக்கு மாறிய பிறகு முதலில் தேய்வது அதுதான்.

மதுரை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கும்பகோணத்து அம்மாள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு, "பத்தரிடம் வெள்ளிக்கிழமை போனால் நானும் வருகிறேன்" என்றார். சம்பந்தியம்மாளிடமும் கேட்டுவிட்டேன். வட்டம்தான், ஆனால் நடுவில் எங்கள் மீனாட்சி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உருக்குவதற்கு முன்னால் அம்மாவின் தாலியை மகள் கையில் ஒரு நாள் முழுவதும் கொடுத்து வைத்திருக்கப் போகிறேன்.