எம்87: எதிர்ப்பக்கத்துப் பிறை

தம்பி, 8:12
📷 படம்
எம்87 கேலக்ஸி, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியோட ஏசிஎஸ் கேமரா எடுத்தது. ஃபோட்டியூட்டில்ஸ்ங்கிற பைத்தான் நிரல்ல கேலக்ஸி வெளிச்சத்துக்கு நீள்வட்டம் பொருத்தி, அந்த மாடலைப் படத்துல இருந்து கழிச்சுட்டேன். கருவுல இருந்து பீய்ச்சுற ஜெட் நல்லா தெரியுது. ஆனா நேர் எதிரே பிறை மாதிரி ஒரு வெளிச்சம். எதிர் ஜெட்டா அக்கா?

அக்கா, 8:15
இல்லடா. பொருத்துறப்போ ஜெட்டை மாஸ்க் பண்ணியா, அதாவது அந்தப் பிக்சல்களை மறைச்சியா?

தம்பி, 8:15
இல்ல. அதைத்தானே பார்க்கணும்?

அக்கா, 8:19
பார்க்கிறது கழிச்சப்புறம். பொருத்துறப்போ அது கண்ணுலயே படக்கூடாது. ஜெட் வெளிச்சம் நீள்வட்டத்தோட மையத்தைத் தன் பக்கம் இழுத்துடும். அப்போ ஜெட் பக்கம் அதிகமா கழியும், எதிர்ப்பக்கம் குறைவா கழியும். அந்த மிச்சம்தான் உன் பிறை. ஜெட்டோட ரெண்டு ஓரமும் கறுத்திருக்கா பாரு.

தம்பி, 8:20
ஆமா, கறுப்புப் பட்டை இருக்கு 😬

சின்ன மாமா, 8:22
பொருத்தின நீள்வட்டங்களோட மைய எக்ஸ், ஒய்யை அரை நெட்டச்சுக்கு (நீள்வட்டத்தோட பெரிய ஆரம்) எதிரா வரைஞ்சு பாருப்பா. 100 பிக்சலுக்கு மேல போகப்போக ஒரே திசையில நகர்ந்தா சந்தேகமே வேண்டாம்.

தம்பி, 8:31
நகருது, ஜெட் பக்கமாவே. மாஸ்க் எவ்வளவு பெருசா போடணும்?

அக்கா, 8:36
ஒரு பிக்சல் 0.05 ஆர்க்செகண்ட் (வானத்துல கோண அளவு). ஜெட் சுமார் 20 ஆர்க்செகண்ட், அதாவது 400 பிக்சல். கருவுல இருந்து 10-வது பிக்சல்ல ஆரம்பிச்சு 440 வரைக்கும், 80 அகலத்துக்கு ஒரு பட்டை. 10-க்கு மேல தள்ளி ஆரம்பிக்காதே, ஜெட்டுல எச்எஸ்டி-1ங்கிற பிரகாசமான முடிச்சு 0.85 ஆர்க்செகண்ட்லயே, அதாவது 17-வது பிக்சல்லயே உட்கார்ந்திருக்கு. படத்தோட ஓரத்துல வர்ற வெத்துப் பிக்சலையும் மாஸ்க்ல சேர்த்துடு.

அக்கா, 8:38
படத்தை நம்பையோட (பைத்தான் எண் நூலகம்) மாஸ்க்டு அரேயா கொடு. கழிக்கிறப்போ மாஸ்க் போடாத மூலப்படத்துல இருந்து கழி. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க.

சின்ன மாமா, 8:40
உருண்டை விண்மீன் கொத்துகள் ஆயிரக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணா மறைக்க முடியாது. ரொம்ப விலகின பிக்சலைத் தள்ளுற சிக்மா கிளிப்பை 3-ன்னு வை, மூணு சுத்து போதும்.

தம்பி, 8:52
இப்போ பட்டியலே காலியா வருது. "பொருத்த முடியல"ன்னு எச்சரிக்கை 😭

அக்கா, 8:54
நீள்வட்டத்தோட சாய்வுக் கோணத்தை டிகிரில கொடுத்தியா? அதுக்கு ரேடியன் வேணும். அதுவும் எக்ஸ் அச்சுல இருந்து இடஞ்சுழியா, வடக்குல இருந்து இல்ல.

தம்பி, 9:10
📷 படம்
பிறை போயிடுச்சு! ஆனா நடுவுல சிலுவை மாதிரி நிக்குது.

சின்ன மாமா, 9:13
அது கருவோட புள்ளி ஒளி, தொலைநோக்கி போடுற கோடு. நீள்வட்டத்தால அதைத் தொடவே முடியாது. டைனிடிம்ங்கிற நிரல்ல ஹப்பிளோட பிஎஸ்எஃப் (ஒரு புள்ளி ஒளி படத்துல விழுற வடிவம்) செஞ்சு தனியா கழிக்கணும். ஜெட்டே போதும்னா விட்டுடு. 1918-ல லிக் ஆய்வகத்துல ஹீபர் கர்டிஸ் எதையும் கழிக்காமலே அந்த ஜெட்டைப் பார்த்துட்டார் 😄

அக்கா, 9:15
விடாதே. எச்எஸ்டி-1 அந்தச் சிலுவைக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதோட பிரகாசத்தை அளக்கணும்னா கருவைக் கழிச்சே ஆகணும்.